சந்தனப் பொட்டுக்கு அடியில் மிஞ்சிய பச்சை

மேடையில் அமர்ந்திருக்கும் கல்லூரித் தாளாளர் அவர்களே, முதல்வர் அவர்களே, துறைத் தலைவர்களே, சேலத்திலிருந்தும் கரூரிலிருந்தும் வந்திருக்கும் பேராசிரியப் பெருமக்களே, வணக்கம். நாற்காலி கிடைக்காமல் கதவோரம் நின்றுகொண்டிருக்கும் ஆய்வக உதவியாளர்களே, துப்புரவுப் பணியாளர்களே, மாணவ மாணவிகளே, உங்களுக்கும் வணக்கம். ஜேடர்பாளையத்திலிருந்து இரண்டு பேருந்து மாறி வந்து மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கும் அத்தாயி அம்மா, உங்களுக்குத் தனியாக ஒரு வணக்கம். நீங்கள் எதற்காக வந்திருக்கிறீர்கள் என்பது மேடையில் இருக்கும் பலருக்குத் தெரியாது. நான் சொல்கிறேன்.

என் பெயர் ஜீவா. நம்மை விட்டுப் பிரிந்த பேராசிரியர் முனைவர் சௌந்திரம் அம்மையாரிடம் ஆய்வு மாணவனாகச் சேர்ந்து, இப்போது இதே வேதியியல் துறையில் தற்காலிக விரிவுரையாளனாக இருக்கிறேன். ஐந்து நிமிடம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். கொஞ்சம் கூடும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு முன் பேசியவர்கள் அம்மையாரை அமைதியானவர் என்றார்கள். அடக்கமானவர் என்றார்கள். யாரிடத்திலும் எதையும் கேட்காதவர் என்றார்கள். யாரைப் பற்றிப் பேசினீர்கள்? நான் அறிந்த சௌந்திரம் அம்மையார் அமைதியாக இருந்தது தராசில் எடை பார்க்கும்போது மட்டும்தான். மற்ற நேரமெல்லாம் கேட்டுக்கொண்டே இருந்தார். மாணவனைக் கேட்டார், மருத்துவரைக் கேட்டார், லாரி விளக்குக் கடைக்காரரைக் கேட்டார், இந்த மேடையில் இருப்பவர்களையும் கேட்டார். பதில் வரவில்லை என்பதற்காக, கேட்கவே இல்லை என்று சொல்லிவிடலாமா?

சென்ற புதன்கிழமை காலை பரமத்தி வேலூரிலிருந்து கல்லூரிக்கு வரும் பேருந்தில் அவருக்கு மாரடைப்பு வந்தது. ஜன்னலோர இருக்கை. பக்கத்தில் இருந்த பெண், டீச்சர் தூங்குகிறார் என்று நினைத்திருக்கிறார். மடியில் ஒரு குளிர்பெட்டி இருந்தது. கிராமத்துச் செவிலியர்கள் தடுப்பூசி கொண்டுபோவார்களே, அந்தப் பெட்டி. அதன் மேல் அம்மையாரின் கையெழுத்தில் 'வெயிலில் திறக்க வேண்டாம்' என்று ஒட்டியிருந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று பேருந்து நடத்துநருக்குத் தெரியாது. ஆனாலும் பெட்டியைத் தன் இருக்கைக்கு அடியில், நிழலில் வைத்துப் பூட்டி, அன்று மாலை கல்லூரி வாசலில் கொண்டுவந்து கொடுத்தார். எழுதியிருந்ததைப் படித்தார், அதன்படி நடந்தார். அவர் பெயர் எனக்குத் தெரியாது. அவருக்கும் இந்தக் கூட்டத்தில் நன்றி சொல்ல வேண்டும்.

அந்தப் பெட்டிக்குள் என்ன இருந்தது? அதைச் சொல்ல ஒன்பது ஆண்டுகள் பின்னால் போக வேண்டும்.

எங்கள் ஆய்வக உதவியாளர் வெள்ளியங்கிரி அண்ணனை உங்கள் எல்லாருக்கும் தெரியும். அதோ, கதவோரம் நிற்கிறார். அவருடைய மகள் மோனிஷாவுக்கு அந்த ஆண்டு பெண் குழந்தை பிறந்தது. நல்ல எடை. அழுதது. ஒரு மணி நேரத்தில் உதடு நீலமானது. உள்ளூரிலிருந்து சேலத்துக்கு அனுப்பினார்கள். அங்கே மருத்துவர்களுக்கு நோய் தெரிந்தது, மருந்தும் தெரிந்தது. மருந்துதான் கையில் இல்லை. இன்னும் பெரிய ஊருக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். ஆம்புலன்ஸ் சங்ககிரியைத் தாண்டுவதற்குள் குழந்தை இறந்துவிட்டது.

மூன்றாம் நாள் அண்ணன் வேலைக்கு வந்தார். விடுப்பு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். கண்ணாடிக் குடுவைகளைக் கழுவிக்கொண்டிருந்தவரிடம் அம்மையார் போய் நின்றார்.

"என்ன நோவுன்னு சொன்னாங்க, அண்ணா?"

"நோவெல்லாம் ஒண்ணுமில்லீங்க மேடம். நெஞ்சுக்குள்ள ரத்தம் போற வழி தொறக்கலீங்களாமா. தொறக்கறதுக்கு ஒரு காத்து இருக்குதாமுங்க. அது இங்க வராதாமுங்க."

"வராதுன்னா?"

"சிலிண்டர்ல வருமாமுங்க. பெரிய ஊருக்குத்தான் வருமாமுங்க." குழாயை நிறுத்திவிட்டுக் கேட்டார். "ஏனுங்க மேடம், காத்துக்கூட ஊரு பாத்துத்தான் வீசுமுங்களா?"

இந்தக் கேள்விக்கு இங்கே யாரிடம் பதில் இருக்கிறது? என்னிடம் இல்லை. அரசிடம் ஒரு சுற்றறிக்கை இருக்கலாம். பெரிய மருத்துவமனைகளிடம் ஒரு கட்டண விவரம் இருக்கலாம். பதில் இல்லை. சௌந்திரம் அம்மையாரிடமும் அன்று பதில் இல்லை. ஆனால் அவர் அந்தக் கேள்வியைக் கழுவித் துடைத்து அலமாரியில் வைக்கவில்லை.

கேட்டுக்கொண்டிருப்பவர்களில் வேதியியல் படிக்காதவர்களுக்காகச் சொல்கிறேன். தாயின் வயிற்றில் இருக்கும்வரை குழந்தையின் நுரையீரலுக்கு வேலை இல்லை. அதற்குப் போகும் இரத்தக் குழாய்கள் சுருங்கியே இருக்கும். பிறந்து முதல் மூச்சு இழுத்ததும் அவை விரிய வேண்டும். சில குழந்தைகளுக்கு விரிவதில்லை. இரத்தம் நுரையீரலைத் தொடாமலே சுற்றுகிறது. வெளியே எவ்வளவு காற்று இருந்தும் குழந்தை நீலமாகிறது. அந்தக் குழாய்களைத் திறக்கும் வாயுவின் பெயர் நைட்ரிக் ஆக்சைடு. மூச்சோடு சேர்த்து மிக மிகக் கொஞ்சம் கொடுத்தால் போதும். ஆனால் அதை நினைத்தபடி வைத்திருக்க முடியாது. சாதாரணக் காற்றோடு சேர்ந்து கொஞ்ச நேரம் நின்றாலே நஞ்சாக மாறும். அதனால்தான் தனி சிலிண்டர், தனி இயந்திரம், தனி ஆட்கள், பெரிய ஊர்.

மேட்டூரில் மதகு திறந்தால் மலர் தூவுகிறோம். பெரியவர்கள் வருகிறார்கள், படம் எடுக்கிறார்கள். கடைமடை வரைக்கும் தண்ணீர் போக வேண்டும் என்று சண்டை போடுகிறோம். ஒரு கூலிக்காரர் வீட்டுக் குழந்தையின் நெஞ்சுக்குள் மதகு திறக்கவில்லை என்றால் யார் வருகிறார்கள்? யார் சண்டை போடுகிறார்கள்?

சௌந்திரம் அம்மையார் வந்தார். அவர் சண்டை போட்டார்.

அந்த வாயுவைச் சிலிண்டரில் அடைக்காமல் ஒரு பாலிமர் தகட்டுக்குள் அடைக்கலாம். தகட்டின் மீது வெளிச்சம் பட்டால் வாயு வெளியே வரும், வெளிச்சத்தை நிறுத்தினால் நின்றுவிடும். இது அவர் மட்டும் கண்ட கனவு அல்ல. உலகத்தில் பல ஆய்வகங்களில் இந்த வேலை நடக்கிறது. அதை மறைத்து நான் பெருமை பேசினால் அவரே படத்து மாலையைக் கழற்றிவிட்டு எழுந்து வந்து திட்டுவார். அவர் கேட்ட கேள்வி வேறு. இந்தத் தகடு நம் வெயிலில் தாங்குமா? மின்சாரம் போனால் வேலை செய்யுமா? குலுங்கிக்கொண்டு போகும் ஆம்புலன்ஸில், படித்தது எட்டாவதே ஆனாலும் ஓர் ஆள் இதை இயக்க முடியுமா?

எண்ணிப் பாருங்கள். உள்ளங்கை அகலம் உள்ள ஒரு சிலிகான் தகடு. இளம் வெற்றிலை மாதிரிப் பச்சை. தொட்டால் ரப்பர். அதற்குள் ஒரு குழந்தையின் பல மணி நேரத்து மூச்சு தூங்கிக்கொண்டிருக்கிறது. ஒரு சின்ன விளக்கு போதும், அது எழுந்து வரும். இதே வெளிச்சம் இந்த நிலத்தில் நம் தோலைக் கருக்குகிறது, கிணற்றை வற்ற வைக்கிறது. அதே வெளிச்சம் ஒரு பச்சைக் குழந்தையின் இரத்தக் குழாயைத் திறக்கும் என்றால், இதைவிட வியக்க என்ன இருக்கிறது? ஒன்பது ஆண்டுகள் பார்த்துவிட்டேன். எனக்கு இன்னும் அந்த வியப்பு அடங்கவில்லை.

விளக்கு வாங்க நாமக்கல்லில் லாரி விளக்குக் கடைக்குப் போனோம். லாரியின் நெற்றியில் வரிசையாக எரியுமே, அந்த நீல விளக்கு. ஆம்புலன்ஸ் பேட்டரியில் எரியும், எங்கேயும் கிடைக்கும். கடைக்காரர் ரங்கன் எடுத்துப் போட்டுக்கொண்டே கேட்டார்.

"எந்த வண்டிக்குங்க மேடம்? பன்னெண்டு சக்கரமுங்களா?"

"வண்டிக்கு இல்லைங்க. கொழந்தைக்கு."

"கொழந்த வண்டிக்குங்களா?"

"கொழந்த மூச்சுக்குங்க."

ரங்கன் மெதுவாக என் பக்கம் திரும்பினார். "தம்பி, மேடத்துக்கு ஒடம்பு நல்லாத்தான இருக்குது?"

பிற்பாடு எங்கள் கருவிக்கு வெளிப்பெட்டி செய்துகொடுத்தவர் அதே ரங்கன்தான். லாரிக் கண்ணாடி நகர்வதற்கு வைக்கும் ரப்பர் பள்ளத்தை அதில் பொருத்தியிருக்கிறார். அந்தப் பள்ளம் எதற்கு என்று சொல்கிறேன். அதற்குப் பின்னால் ஓர் ஆயுத பூஜைக் கதை இருக்கிறது.

இயற்பியல் கட்டிடத்தின் பின்னால் பழைய புகைப்பட இருட்டறை ஒன்று இருக்கிறது. அங்கேதான் எங்கள் வேலை. தகடுகளுக்கு வெளிச்சமும் ஆகாது, சூடும் ஆகாது. மங்கிய சிவப்பு விளக்கில் செய்து, கருப்புத் துணி சுற்றி, குளிர்பெட்டியில் வைப்போம். எங்கள் தொல்லை என்னவென்றால், வாயு ஒரே அளவில் வரவில்லை. விளக்கைப் போட்டதும் நிறைய வரும். தகடு காலியாகக் காலியாகக் குறையும். குழந்தைக்கு அது ஆகாது. கூடினால் ஆபத்து, குறைந்தால் நீலம். விளக்கைக் குறைத்தும் ஏற்றியும் பார்த்தோம். இரண்டு ஆண்டுகள் அதிலேயே போயின.

அந்த இரண்டாம் ஆண்டு ஆயுத பூஜைக்கு முந்தின நாள் அம்மையாரும் நானும் சென்னையில் ஒரு கருத்தரங்கில் இருந்தோம். மறுநாள் விடுமுறை என்பதால் கல்லூரியில் அன்றே பூஜை. நம் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியும். உழைக்கிற பொருள் எல்லாம் அன்று வெளியே வர வேண்டும். கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பொரி படைத்து, சூடம் காட்ட வேண்டும். காட்டிய பிறகு மறுநாள் வரை யாரும் எதையும் தொடக் கூடாது. வெள்ளியங்கிரி அண்ணன் ஆய்வகத்தில் இருந்த தராசு, குடுவை, அடுப்பு எல்லாவற்றையும் தாழ்வாரத்தில் வரிசையாக வைத்தார். பிறகு இருட்டறைக்குப் போய்த் தகடுகளையும் எடுத்து வந்தார். அவருக்கு மற்ற எல்லாவற்றையும்விட அந்தத் தகடுகள்தான் சாமி. யாருக்காக அவை செய்யப்பட்டன என்பது அவருக்குத் தெரியும்.

மறுநாள் காலை நாங்கள் வந்து இறங்கும்போது தகடுகள் தாழ்வாரத்து வெயிலில் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு தடித்த சந்தனப் பொட்டு, அதன் மேல் குங்குமம். பச்சை எங்கேயும் இல்லை. எல்லாம் சோறு வடித்த கஞ்சி மாதிரி வெளுத்துக் கிடந்தன. அரை ஆண்டு உழைப்பு அந்தத் தாழ்வாரத்துக் காற்றில் கரைந்து போயிருந்தது.

"கருப்புத் துணிய ஏன் எடுத்தீங்க, அண்ணா?"

"சாமிக்கு முன்னால மொகத்த மூடி வெக்கலாமுங்களா மேடம்? வருசம் பூரா இருட்டுலயே கெடக்குது. இன்னிக்கு ஒரு நாளாச்சும் வெயிலப் பாக்கட்டும்னு..." அங்கேயே நிறுத்திவிட்டார். எங்கள் முகத்தைப் பார்த்தார். "தப்புங்களா?"

"ஆமா. தப்பு."

பரவாயில்லை என்று அவர் சொல்லவில்லை. பொய் சொல்லி ஆறுதல் தருகிறவர் இல்லை அவர். படியில் உட்கார்ந்தார். பக்கத்துத் தட்டிலிருந்து ஒரு பிடி பொரியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். நான் அவர் அழுவார் என்று நினைத்தேன். அவர் ஒரு தகட்டை எடுத்து, முந்தானையால் சந்தனத்தைத் துடைத்தார்.

பொட்டுக்கு அடியில் பச்சை இருந்தது.

சுற்றிலும் வெறும் வெள்ளை. நடுவில், சந்தனம் மறைத்திருந்த இடத்தில் மட்டும் ஒரு பச்சைப் பொட்டு. சூட்டில் கொஞ்சம் மங்கியிருந்தது, ஆனால் பச்சை. அடுத்த தகட்டைத் துடைத்தார். அதிலும் பச்சைப் பொட்டு. அதற்கு அடுத்ததிலும்.

"ஜீவா, இங்க வா. விரல் அகலம் தள்ளி எல்லாம் செத்துக் கெடக்குது. இது அசையவே இல்ல பாரு." அவர் குரல் தணிந்துவிட்டது. "நாம இத்தன நாளா விளக்கக் கொறச்சும் ஏத்தியும் அழுதுட்டு இருந்தமே. விளக்க விட்டுரு. மூடிய நகத்து."

புரிகிறதா? தகடு முழுவதையும் மூடிவைத்து, ஒரு மெல்லிய இடுக்கு வழியாக மட்டும் வெளிச்சத்தை விடுவது. இடுக்கு மெதுவாக நகர நகர, புதிய பச்சை வெளிச்சத்துக்கு வருகிறது. பழையது வெளுத்துப் பின்னால் போகிறது. வாயு முதலிலிருந்து முடிவு வரை ஒரே அளவு. எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று அறிய எந்த அளவுகோலும் வேண்டாம். பச்சையைப் பார்த்தால் போதும். ஆம்புலன்ஸில் இருக்கும் யாரும் பார்க்கலாம். ரங்கன் பொருத்திய லாரிக் கண்ணாடிப் பள்ளம், அந்த மூடி நகர்வதற்கு. எங்கள் கட்டுரையில் அந்தக் கருவிக்கு நீளமான ஆங்கிலப் பெயர் இருக்கிறது. எங்களுக்குள் அது பொட்டுப் பெட்டி.

ஆனால் அந்த வாரம் இந்தக் கல்லூரியில் வேறொன்று நடந்தது. வெள்ளியங்கிரி அண்ணனை வேலையை விட்டு அனுப்பக் கூட்டம் போட்டார்கள். 'படிக்காதவனை ஆய்வகத்துக்குள் விட்டால் இப்படித்தான்' என்றார் ஒருவர். அவர் இன்றும் இந்த மேடையில் இருக்கிறார். பெயர் சொல்ல மாட்டேன். அம்மையாரைப் பற்றி உருக்கமாகப் பேசி முடித்துவிட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறார்.

அம்மையார் அந்தக் கூட்டத்தில் எழுந்து சொன்னார். "அன்னைக்குப் பூஜையில துறையே நின்னு கும்பிட்டுச்சு. முனைவர் பட்டம் வாங்குனவங்க ஏழு பேரு அந்தத் தகட்டுக்கு முன்னால கையெடுத்துக் கும்பிட்டுட்டு, பொரியும் தின்னுட்டுப் போனீங்க. ஒருத்தர் கண்ணுலயும் படல. அவர அனுப்பறதுன்னா ஏழு பேரையும் சேத்து அனுப்புங்க."

யாரையும் அனுப்பவில்லை.

பிறகு கட்டுரை எழுதினோம். ஆசிரியர்கள் பெயரில் முதலில் அவர், அடுத்து நான், மூன்றாவதாக வெள்ளியங்கிரி. இதழிலிருந்து கேட்டார்கள், மூன்றாமவரின் பட்டம் என்ன, பங்களிப்பு என்ன என்று. அம்மையார் எழுதிய பதில் எனக்கு மனப்பாடம். 'பட்டம் இல்லை. தவறு அவருடையது, பார்த்தது நான். இரண்டும் இல்லாமல் இந்தக் கட்டுரை இல்லை.' இதழ் ஏற்றுக்கொண்டது. நம் கல்லூரி ஆண்டு மலரில் அந்தக் கட்டுரையைப் போட்டபோது மூன்றாவது பெயரைக் காணோம். இடம் போதவில்லை என்றார்கள். அதே பக்கத்தில் தாளாளர் அவர்கள் ரிப்பன் வெட்டும் படம் அரைப்பக்கம் இருந்தது.

கோபப்படுகிறேன் என்று நினைக்கிறீர்கள். ஆமாம், கோபப்படுகிறேன். ஆனால் அம்மையாரின் கோபத்துக்குப் பக்கத்தில் என் கோபம் சத்தம் மட்டும்தான். அவர் கோபத்திலிருந்து ஒரு கருவி வந்தது.

இனி அத்தாயி அம்மா எதற்காக வந்திருக்கிறார் என்று சொல்கிறேன்.

ஆய்வகத்தில் கருவி சரியாக வேலை செய்தது. உயிருள்ள நுரையீரலில் செய்யுமா? முறையான அனுமதி வாங்கிய பிறகு, கால்நடை மருத்துவர் தமிழரசுவிடம் சொல்லிவைத்தோம். ஒரு நாள் காலை ஜேடர்பாளையத்திலிருந்து அவர் அழைத்தார். அத்தாயி அம்மாவின் வெள்ளாடு ஈன்ற குட்டி. ஆக்சிஜன் வைத்தும் நாக்கு நீலமாகவே இருக்கிறது. பிழைக்காது, வருகிறீர்களா? போனோம். கொட்டகையில் சாக்கு மேல் குட்டி கிடந்தது. மூக்கில் குழாய் வைத்து, பொட்டுப் பெட்டியை இணைத்து, நீல விளக்கைப் போட்டார் அம்மையார்.

"என்ன சாமி, ஆட்டுக்கு லாரி லைட்டு போடறீங்க?" என்றார் அத்தாயி அம்மா.

எல்லாரும் குட்டியின் நாக்கைப் பார்த்துக்கொண்டிருந்தோம். நான் நாக்கையும் பார்த்தேன், தகட்டையும் பார்த்தேன். இடுக்குக்கு அடியில் பச்சை வெளுத்தது. நாக்கின் ஓரத்தில் மங்கலாக ஒரு சிவப்பு வந்தது. இன்னும் கொஞ்சம் வெளுத்தது. இன்னும் கொஞ்சம் சிவந்தது. ஒரு பொருளிலிருந்து வெளியேறும் நிறம் ஓர் உயிருக்குள் போய் ஏறுவதை என் கண்ணால் பார்த்தேன். நான் கோயிலுக்குப் போகிறவன் இல்லை. அன்று அந்த ஆட்டுச் சாணத்தில் மண்டியிட்டு உட்கார்ந்தேன். தமிழரசு டாக்டர் குட்டியின் நெஞ்சில் வைத்த ஸ்டெதாஸ்கோப்பை எடுக்கவே இல்லை. எத்தனையோ ஆயிரம் நெஞ்சைக் கேட்ட மனிதர், முதல் தடவை கேட்பதைப் போலக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அப்போது அம்மையார் விளக்கை அணைத்தார்.

"ஏம்மா! நல்லாத்தான மூச்சு உடுது? எதுக்கு அமத்தறீங்க?"

"கொஞ்சம் பொறுங்க அக்கா. விளக்குத்தான் காப்பாத்துதான்னு தெரியோணும்."

"தெரிஞ்சு என்ன பண்றது, செத்துப்போச்சுன்னா? போடுங்க சாமி. அத்தப் போடுங்க."

நாக்கில் நீலம் திரும்பி வந்தது. அம்மையாரின் விரல் பொத்தானின் மேலேயே இருந்தது. கல் நெஞ்சு என்று நினைக்காதீர்கள். நாளைக்கு ஒரு தாய் தன் குழந்தையை நம்பி இந்தக் கருவியிடம் கொடுக்கப் போகிறாள். அவளிடம் 'வேலை செய்யும் என்று நினைக்கிறோம்' என்று சொல்ல முடியுமா? அந்த உறுதிக்காக அந்த நீலத்தைக் கண்கொண்டு பார்த்தார். பிறகு விளக்கைப் போட்டார். சிவப்பு திரும்பி வந்தது. அத்தாயி அம்மா அவர் முதுகில் ஓங்கி ஓர் அடி வைத்தார். "இன்னொருக்கா அமத்துனீங்கன்னா கைய ஒடிச்சுப் போடுவேன்."

அந்தக் குட்டி இப்போது மூன்று குட்டிக்குத் தாய். அத்தாயி அம்மா இன்று அம்மையாருக்காக வந்திருக்கிறார். மோனிஷா வரவில்லை. அவர் வேலை செய்யும் கோழிப்பண்ணையில் விடுப்பு கொடுக்கவில்லை. அவருடைய அப்பாவுக்கு அன்று கொடுக்காதது போல.

அன்பார்ந்தவர்களே, பொட்டுப் பெட்டி இன்னும் ஒரு குழந்தையைக்கூடக் காப்பாற்றவில்லை. இதை மறைக்க மாட்டேன். காப்பாற்றும் வாசல்படி வரை அதைக் கொண்டுவந்துவிட்டுத்தான் அம்மையார் நம்மை விட்டுப் போனார். அடுத்த மாதம் ஓர் அரசு மருத்துவமனையில், மருத்துவர்கள் பொறுப்பில், அறநெறிக் குழுவின் அனுமதியோடு முதல் சோதனை தொடங்குகிறது. அதற்கான தகடுகள் எல்லாம் அம்மையார் கையால் செய்தவை. சென்ற புதன்கிழமை அவர் மடியில் இருந்தவையும் அவைதான்; மருத்துவமனைப் பரிசோதனைக்கு அனுப்பித் திரும்பி வந்தவை. இப்போது எல்லாம் இருட்டறையின் மின்சாரக் குளிர்பெட்டியில் இருக்கின்றன. அந்த அறையின் இருட்டும் குளிரும் போனால் தகடுகள் போயின. தகடுகள் போனால் சோதனை போனது. மறுபடியும் செய்து, மறுபடியும் பரிசோதித்து, மறுபடியும் அனுமதி வாங்குவதற்குள் எத்தனை குழந்தைகள் சங்ககிரியைத் தாண்டாமல் போகும்?

அம்மையாரின் சாம்பல் காவிரியில் கரைவதற்கு முன்பு ஒரு சுற்றறிக்கை வந்தது. இருட்டறையை இந்த வெள்ளிக்கிழமைக்குள் காலி செய்ய வேண்டுமாம். மருத்துவ நுழைவுத் தேர்வுப் பயிற்சி வகுப்புக்கு அறை தேவைப்படுகிறதாம். நாளைக்கு மருத்துவராகப் போகும் பிள்ளைகள் உட்கார்வதற்காக, இன்றைக்குக் குழந்தைகளின் மூச்சை வெயிலில் எடுத்து வைக்கச் சொல்கிறீர்கள். வெள்ளியங்கிரி அண்ணன் அன்று அறியாமல் செய்தார், சாமி என்று நினைத்துச் செய்தார். தாளாளர் அவர்களே, நீங்கள் அறிந்து செய்கிறீர்கள்.

நேற்று மாலை அண்ணன் இருட்டறைச் சாவியை என்னிடம் கொண்டுவந்து நீட்டினார்.

"இது எங்கிட்ட வேண்டாமுங்க தம்பி. ஆபீஸ்ல கூப்புட்டுக் குடுன்னா நான் குடுத்துருவனுங்க. இத்தன வருசமா அப்படியே பழகிட்டனுங்க. நீங்க வெச்சுக்கங்க."

"எனக்கும் வேலை போயிருமேண்ணா?"

"உங்களுக்கு வேற வேல கெடைக்குமுங்க." போகத் திரும்பியவர் நின்றார். "அந்தப் பச்ச வெளுத்துரக் கூடாதுங்க தம்பி. இன்னொருக்கா நான் அதப் பாக்க மாட்டேன்."

என் வேலை தற்காலிகம். மேடையில் இருப்பவர்கள் நினைத்தால் இந்தக் கூட்டம் முடிவதற்குள் அதை முடித்துவிடலாம். தெரிந்துதான் பேசுகிறேன். சௌந்திரம் அம்மையாரே, உங்கள் படத்துக்கு முன்னால் நான் சொல்வது இதுதான். அடுத்த மாதம் அந்தத் தகடுகள் பச்சையாக அந்த மருத்துவமனைக்குப் போகும். உங்கள் மாணவர்கள் நாங்கள் முறை வைத்துக் காவல் இருப்போம். மின்சாரத்தை நிறுத்தினால் ரங்கன் லாரி பேட்டரி கொண்டுவருவார். கேட்டுவிட்டேன், 'ரெண்டாக் கொண்டாறேன்' என்றார். அடுத்த கட்டுரையிலும் வெள்ளியங்கிரி என்ற பெயர் இருக்கும். அந்தக் கருவி நம் ஊர் ஆம்புலன்ஸ்களில் ஏறும் வரை, பரமத்தி வேலூரில் பிறந்த குழந்தையும் பெருநகரத்தில் பிறந்த குழந்தையும் ஒரே காற்றை இழுக்கும் வரை, நீங்கள் கேட்ட கேள்விகளை நாங்கள் கேட்டுக்கொண்டே இருப்போம். எங்களையும் ஒரு நாள் அமைதியானவர்கள் என்று யாரும் பொய் சொல்லாதபடி கேட்போம்.

இப்போது எல்லாரும் எழுந்து ஒரு நிமிடம் மௌனமாக நிற்கப் போகிறோம். கண்ணை மூடி வேறு எதையும் நினைக்க வேண்டாம். உங்கள் மூச்சை மட்டும் கேளுங்கள். எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்காமல் உள்ளே வந்து போகிறது பாருங்கள். மோனிஷாவின் மகளுக்கு அது அப்படி வரவில்லை. வர வேண்டும் என்று ஒரு பெண் ஒன்பது ஆண்டுகள் இருட்டில் நின்றார்.

நிமிடம் முடிந்ததும் நான் இந்த மேடையிலிருந்து இறங்கி நேராக இருட்டறைக்குப் போகிறேன். இன்று குளிர்பெட்டியைப் பார்க்கும் முறை என்னுடையது. சாவி என் சட்டைப் பையில் இருக்கிறது. தாளாளர் அவர்களே, அது வேண்டும் என்றால் நீங்களே அங்கே வாருங்கள். அந்தப் பச்சையை ஒரு தடவை பார்த்துவிட்டு, பிறகு கேளுங்கள்.

வரும்போது விளக்கை மட்டும் போட்டுவிடாதீர்கள்.